பெரம்பலூர் மாவட்டத்தில் அரசுச் சேவை எப்படி? வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து ஒரு மதிப்புரை

பெரம்பலூர் மாவட்டத்தின் எந்த ஊரில் இருந்தாலும் காலையில் பஸ் பிடித்து கலெக்டர் ஆபீசுக்குப் போய், மனு கொடுத்துவிட்டு, இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடலாம். பெரிய மாவட்டத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். மாவட்டத் தலைநகரம் தொலைவில் இருந்தால், ஒரு கையெழுத்துக்கு ஒரு நாள் கூலி போய்விடும். இங்கே அரை நாளோடு போகும். கூலி வேலைக்குப் போகிற பெண்களுக்கு அந்த அரை நாள் பெரிய விஷயம்.

எங்கள் ஊர் வேப்பந்தட்டை தாலுகாவில், பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். கணக்கு எழுதுபவள் என்றால் நாலெழுத்து தெரிந்தவள் என்று அர்த்தமாகிவிடும். அதனால் குழுவில் யாருக்கு என்ன காகிதம் வேண்டுமென்றாலும் என்னையும் கூட்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள். விதவை உதவித்தொகை, பட்டா மாறுதல், வாரிசு சான்றிதழ், ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம் என்று இந்த மாவட்டத்து ஆபீஸ் படிகளில் நிறையவே ஏறி இறங்கியிருக்கிறேன். பெரம்பலூருக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களுக்கும், இங்கேயே இருந்தும் எந்த வேலைக்கு எங்கே போவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கும் இது உதவும்.

முதலில், இது எவ்வளவு சின்ன மாவட்டம் என்று சொல்லிவிடுகிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேர். அன்றைக்கு இருந்த 32 மாவட்டங்களில் மிகக் குறைந்த எண்ணிக்கை இதுதான். பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் அப்போது 34 லட்சத்து 82 ஆயிரம் பேர், ஏறக்குறைய ஆறு மடங்கு. பரப்பளவு 1,750 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அதனால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 320 பேர்தான் வருகிறது. மாநிலச் சராசரி 555. நூற்றுக்கு 83 பேர் கிராமத்தில் இருக்கிறார்கள். சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்திதான் இங்கே விளைச்சல். பெரம்பலூர் நகராட்சியிலேயே அந்தக் கணக்கெடுப்பில் 50 ஆயிரத்தை எட்டவில்லை.

இந்த எண்களில் என் மனதில் பதிந்தது ஆண், பெண் கணக்கு. ஆண்கள் 2,82,157, பெண்கள் 2,83,066. ஆயிரம் ஆணுக்கு 1,003 பெண். கேட்டால் பெருமையாக இருக்கும். அதே கணக்கெடுப்பில் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஆயிரம் ஆண் குழந்தைக்கு 913 பெண் குழந்தைதான். மொத்தத்தில் பெண்கள் கூடுதல் என்று சந்தோஷப்படுகிறவர்கள் இந்த இரண்டாவது எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பெண்களுக்கு ஆயுள் கூடுதல் என்பது ஒரு பக்கம். லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் மாதிரி ஊர்களில் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போன ஆண்கள் அதிகம் என்பது இன்னொரு பக்கம். ஆக, ஆபீஸ் வாசலில் வந்து நிற்கிறவர்களில் பெண்களே அதிகம். எழுத்தறிவு 74 சதவீதம், மாநிலத்துக்கு 80. அதிலும் பெண்கள் பின்தங்கித்தான் இருக்கிறார்கள். விண்ணப்பப் படிவத்தை எடுத்ததும் தானாகப் பூர்த்தி செய்ய முடியாதவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். இந்த மாவட்டத்துச் சேவையை எடைபோடும்போது, இவர்கள் கையில் அது எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

சரி, அமைப்புக்கு வருவோம். இங்கே ஒரே ஒரு வருவாய்க் கோட்டம். பெரம்பலூர், வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர் என்று நாலு தாலுகா. அதற்குக் கீழே 11 பிர்கா (பல கிராமங்கள் சேர்ந்த குறுவட்டம்), 152 வருவாய்க் கிராமங்கள். ஊரக வளர்ச்சித் துறைப் பக்கம் பார்த்தால் நாலு ஒன்றியம், 121 ஊராட்சி. ஒரு நகராட்சி, அரும்பாவூர், பூலாம்பாடி, குரும்பலூர், லப்பைக்குடிக்காடு என்று நாலு பேரூராட்சி. இவ்வளவுதான் மாவட்டம். ஒரு தாளில் எழுதி மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஒரே பகுதிதான், ஆனால் தாலுகாவின் பெயர் குன்னம். ஒன்றியத்தின் பெயர் வேப்பூர். பட்டா, சாதிச் சான்றிதழ், உதவித்தொகை என்றால் தாலுகா ஆபீஸ். தெருவிளக்கு, குடிநீர், நூறு நாள் வேலை, வீடு கட்டும் திட்டம் என்றால் ஒன்றிய ஆபீஸ், பேச்சுவழக்கில் பி.டி.ஓ. ஆபீஸ். அதேபோல ஊராட்சி வேறு, வருவாய்க் கிராமம் வேறு. 152 வருவாய்க் கிராமத்துக்கு 121 ஊராட்சிதான் இருக்கிறது என்பதிலிருந்தே இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்று தெரிந்துவிடும். உங்கள் பட்டாவில் இருக்கிற கிராமப் பெயரும் உங்கள் ஊராட்சி மன்றப் பலகையில் இருக்கிற பெயரும் வேறாக இருந்தால் பயப்படத் தேவையில்லை. விண்ணப்பத்தில் மட்டும் பட்டாவில் உள்ள வருவாய்க் கிராமத்தின் பெயரையே எழுதுங்கள்.

பழைய பத்திரம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். இந்த மாவட்டம் திருச்சியிலிருந்து பிரிந்தது 1995 நவம்பர் 1-ம் தேதி. அதற்கு முந்தைய பத்திரங்களில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் என்றிருக்கும். அரியலூர்க் கதை இன்னும் சிக்கல். 2001 ஜனவரியில் அரியலூர் தனி மாவட்டமானது, 2002 மார்ச் கடைசியில் திரும்பவும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது, 2007 நவம்பர் 23-ம் தேதி மறுபடி தனியாகப் போனது. எங்கள் குழுவில் அரியலூர்ப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த ஒரு பெண்ணின் பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒரு மாவட்டம், சாதிச் சான்றிதழில் இன்னொரு மாவட்டம். பிறந்த ஊர் என்னவோ ஒன்றுதான். இதைக் கவுண்டரில் புரியவைக்க நேரமெடுக்கும். பிரிவினை தேதிகளைத் தெரிந்து வைத்துக்கொண்டு போனால் வேலை சுலபம்.

இப்போது ஒவ்வொரு சேவையாக.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் தொடங்குகிறேன். பாலக்கரையில் இறங்கி நடந்தால் கலெக்டர் ஆபீஸ் பக்கம்தான். வாசலில் போலீஸ் பையைத் திறந்து பார்ப்பார்கள், தண்ணீர் பாட்டிலை மோந்து பார்ப்பார்கள். பாதுகாப்புக்காகத்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். வெளியே மனு எழுதிக் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டிலேயே எழுதிக்கொண்டு போவது நல்லது. ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் எழுதுங்கள். பட்டாவும் உதவித்தொகையும் தெருவிளக்கும் ஒரே தாளில் இருந்தால் எந்தத் துறைக்கு அனுப்புவது என்று அவர்களுக்கே குழப்பம் வரும். உள்ளே கணினியில் பெயர், ஊர், செல்போன் எண்ணைப் பதிந்து, மனு எண்ணோடு ஒரு ஒப்புகைச் சீட்டு தருவார்கள். அந்தச் சீட்டுதான் உங்கள் கையில் இருக்கிற ஒரே பிடி. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு திங்கட்கிழமை என் பக்கத்து நாற்காலியில் ஒரு வயதான அம்மா உட்கார்ந்திருந்தார். கையில் மஞ்சள் பை, அதற்குள் பாலித்தீன் உறை, அதற்குள் நாலாக மடித்த பழைய பட்டா. மடிப்புகளில் கிழிந்து, எழுத்து போன இடங்களில் வெள்ளை நூல் தெரிந்தது; யாரோ பின்பக்கம் துணி வைத்து ஒட்டியிருந்தார்கள். யு.டி.ஆர். என்று நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த சமயத்தில் கணவர் பெயரைத் தப்பாக ஏற்றிவிட்டார்கள். அவர் இறந்த பிறகு வாரிசு பெயருக்கு மாற்றப் போனால் பட்டாவில் இருப்பவரும் இறந்தவரும் வேறு ஆள் என்று வருகிறது. ‘ஆயா, இது கீழேயே முடியவேண்டிய வேலையாச்சே’ என்றார் மனு வாங்கியவர். ‘அங்க போனா இங்க போகச் சொல்றாங்க சாமி, இங்க வந்தா அங்க போகச் சொல்றீங்க’ என்றார் அந்த அம்மா. மனு வாங்கியவர் எழுந்து வந்து, அந்தப் பட்டாவைப் பிரிக்காமல் உறையோடு வெளிச்சத்தில் பிடித்து சர்வே எண்ணைப் படித்து, மனுவின் மேல் சிவப்பு மையில் ‘யு.டி.ஆர். பிழை’ என்று எழுதிக் கொடுத்தார். அந்த இரண்டு வார்த்தையால் மனு போகவேண்டிய வழியே மாறிவிடும். சாதாரணப் பெயர் மாற்றம் என்று போயிருந்தால் திரும்பவும் தள்ளுபடி ஆகியிருக்கும். கூட்டம் குறைவாக இருக்கிற சின்ன மாவட்டத்தில்தான் ஒருவர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க இன்னொருவருக்கு நேரம் கிடைக்கும். இது எனக்கு இந்த மாவட்டத்தில் பிடித்த விஷயம்.

ஆனால் திங்கட்கிழமை மனு எப்படிப் பயணிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கலெக்டரிடம் கொடுத்தால் கலெக்டரே முடித்துவிடுவார் என்று நம் சனங்கள் நம்புகிறார்கள். மனு தாசில்தாருக்குப் போகும், அங்கிருந்து ஆர்.ஐ. என்கிற வருவாய் ஆய்வாளர், அங்கிருந்து உங்கள் ஊர் வி.ஏ.ஓ. என்கிற கிராம நிர்வாக அலுவலர். கடைசியில் அறிக்கை எழுதப்போவது அவர்தான். ஆகையால் முதலில் வி.ஏ.ஓ.விடம் போங்கள். அவர் எழுதித் தரமாட்டேன் என்றாலோ, இழுத்தடித்தாலோ மட்டும் திங்கட்கிழமை பஸ் ஏறுங்கள். 1100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் மனு பதியலாம். அதுவும் இதே வழியில்தான் கீழே வரும்.

கிராம நிர்வாக அலுவலர்தான் இந்த மாவட்டத்தின் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன். கிராமத்தில் பிறந்தாலும் இறந்தாலும் பதிவு செய்வது அவர். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று அடங்கல் கணக்கு எழுதுவது அவர். வருமானம், சாதி, இருப்பிடம், வாரிசு எதுவானாலும் முதல் விசாரணை அவருடையது. மக்கள்தொகை என்று மேலே எண்ணிச் சொல்கிற அத்தனை தலைகளையும் முகத்தோடு தெரிந்து வைத்திருக்க வேண்டியவரும் அவரே. நல்ல வி.ஏ.ஓ. அமைந்த ஊரில் விதவை உதவித்தொகை விண்ணப்பம் வேகமாக நகர்வதைப் பார்த்திருக்கிறேன். மாதம் 1,200 ரூபாய் ஒரு தனி ஆளின் அரிசி, பருப்பைத் தாங்கும் பணம். ‘அக்கா, இறப்புச் சான்றிதழ் நகல் இல்லையே, நானே எடுத்துத் தரேன் இருங்க’ என்று சொல்லி எடுத்துத் தந்தவரும் உண்டு.

இந்த மாவட்டத்தின் பலவீனமும் அதே நாற்காலியில்தான் இருக்கிறது. சின்ன மாவட்டத்தில் பணியிடங்களும் குறைவு. ஒருவர் மாறுதலாகிப் போனாலோ, மருத்துவ விடுப்பில் போனாலோ, பக்கத்து ஊர்க்காரருக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்துவிடுவார்கள். ஆள் ஒன்று, ஊர் இரண்டு. எந்த நாள் எந்த ஊரில் இருப்பார் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தால் பிழைத்தோம். ஊர் பெயர் வேண்டாம். ஒரு கிராமத்தில் எங்கள் குழுப் பெண்ணின் மாமனார் இறந்தபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது. பொறுப்பில் இருந்தவரைத் தேடிப் போனால் அவர் கணக்கு முடிக்கத் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தார். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது, கேள்வியும் கிடையாது. துக்க வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் யாரும் காகிதத்தை நினைக்கமாட்டார்கள். மிச்சம் இருந்த நாட்களில் ஆளைப் பிடிக்க முடியவில்லை. அதற்கப்புறம் தாமதக் கட்டணம், கடிதம், விசாரணை. ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் ஆணை வேண்டும். இதற்குப் பயந்தே பதியாமல் விட்ட இறப்புகள் உண்டு. பதியாத இறப்பு என்றால் வாரிசு சான்றிதழ் இல்லை, பட்டா மாறாது, வங்கிப் பணம் வராது. ஒரு காலி நாற்காலியால் ஒரு குடும்பம் வருடக்கணக்கில் முடங்கிப்போகும்.

பெரிய மாவட்டத்திலும் காலியிடங்கள் உண்டு, தெரியும். அங்கே ஒரு தாலுகாவில் ஆள் குறைந்தால் இன்னொரு கோட்டத்திலிருந்து ஆளை இழுக்க முடியும். இங்கே இருப்பது ஒரே கோட்டம். கோட்டாட்சியர் நாற்காலியே கூடுதல் பொறுப்பில் ஓடினால், மேல்முறையீட்டுக்கும் தாமதப் பதிவுக்கும் மாவட்டம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். மக்கள்தொகையை வைத்துப் பணியிடம் ஒதுக்குவது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் கிராமம் பரந்து கிடக்கிற மாவட்டத்தில் தலைக்கணக்கு மட்டும் போதாது, தூரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மலையடிவாரத்து ஊருக்குப் பஸ் வேளைக்கு ஒன்றுதான். நடக்க முடியாதவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அவர்கள் வராததால் கூட்டம் குறைவு, கூட்டம் குறைவு என்பதால் ஆள் தேவையில்லை என்று முடிவாகிவிடுகிறது. இதை நான் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

இ-சேவை மையங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாதி, வருமானம், இருப்பிடச் சான்றிதழ்களுக்குக் கட்டணம் 60 ரூபாய். தாலுகா ஆபீஸ் வளாகத்திலேயே மையம் இருக்கிறது, ஊர்களில் கூட்டுறவுச் சங்கங்களிலும் உண்டு. ஒரு தனியார் கணினி மையத்தில் எங்கள் பெண் ஒருவரிடம் வருமானச் சான்றிதழுக்கு 300 ரூபாய் வாங்கிவிட்டார்கள். ரசீது கேளுங்கள். ரசீதில் என்ன தொகை இருக்கிறதோ அதுதான் கட்டணம். பட்டா, சிட்டா, புலப்படம் எல்லாவற்றையும் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் நாமே இலவசமாகப் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம். பதிவாகிவிட்ட பிறப்பு, இறப்புச் சான்றிதழும் அப்படித்தான். வீட்டில் பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளை இருந்தால் போதும், செல்போனிலேயே எடுத்துத் தந்துவிடும். மாவட்டத்தின் அதிகாரபூர்வ இணையதளம் தமிழிலும் இருக்கிறது. எந்த ஊர் எந்தத் தாலுகா என்று பார்க்க நல்லது. மக்கள்தொகை என்று அங்கே பார்த்தால் 2011 எண்தான் இருக்கும். இணையதளத்தைக் குறை சொல்லி என்ன செய்வது, அதற்கப்புறம் நாட்டில் கணக்கெடுப்பே நடக்கவில்லையே.

இந்த மாவட்டத்தில் நான் முழு மதிப்பெண் கொடுக்கிற சேவை ஜமாபந்தி. மே, ஜூன் மாதத்தில், பசலி என்கிற வருவாய்க் கணக்கு ஆண்டு முடியும் தறுவாயில், ஒவ்வொரு தாலுகா ஆபீசிலும் நடக்கும். வெள்ளைக்காரன் காலத்து வருவாய்த் தீர்வாயம்தான், இன்னும் உயிரோடு இருக்கிறது. கலெக்டரே ஒரு தாலுகாவில் உட்காருவது வழக்கம். மற்றவற்றில் மாவட்ட வருவாய் அலுவலர், கோட்டாட்சியர் மாதிரி அதிகாரிகள். பிர்காவுக்கு ஒரு நாள் என்று பிரித்து அறிவிப்பார்கள். அன்றைக்கு அந்தப் பிர்காவின் எல்லா வி.ஏ.ஓ.க்களும் தங்கள் கிராமக் கணக்குகளைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து வரிசையாக உட்காருவார்கள். நில அளவைச் சங்கிலியைத் தரையில் நீட்டிப் போட்டு, அளவு சரியாக இருக்கிறதா என்று சோதிப்பார்கள். கணுக்கணுவாக இருக்கும் அந்த இரும்புச் சங்கிலியைப் பார்த்தால், நம் வரப்புச் சண்டை எல்லாம் இதன் ஒரு கணுவுக்குள்தான் இருக்கிறது என்று தோன்றும்.

ஜமாபந்தியின் பலம் என்னவென்றால், அன்றைக்கு மட்டும் எல்லோரும் ஒரே பந்தலில் இருப்பார்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., சர்வேயர், தாசில்தார், அவர்களுக்கு மேலே உள்ள அதிகாரி. ‘பைல் அங்கே இருக்கிறது’ என்று யாரும் சொல்ல முடியாது. அதிகாரி வி.ஏ.ஓ.வைக் கூப்பிட்டு, ‘இந்த அம்மா சொல்றது உங்க அடங்கல்ல இருக்கா, பாருங்க’ என்பார். கணக்கைப் புரட்டிப் பார்த்து அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும். உட்பிரிவு இல்லாத, அதாவது நிலத்தைத் துண்டாகப் பிரிக்கத் தேவையில்லாத பட்டா மாறுதல், உதவித்தொகை, சான்றிதழ் மாதிரி விஷயங்களில் அன்றைக்கே ஆணை கையில் கிடைத்ததைப் பார்த்திருக்கிறேன். உட்பிரிவு என்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அது முன்னே பின்னே ஆகும். சின்ன மாவட்டத்தின் முழு நன்மையும் தெரிகிற இடம் இது. ஒரு பிர்காவுக்கு மனு கொடுக்க வருகிறவர்கள் எண்ணிக்கை கையடக்கமாக இருக்கும். நின்று பேசலாம், பதில் கேட்கலாம், அதிகாரி நம் முகத்தைப் பார்த்துப் பேசுவார்.

விவசாயிகளுக்கு மாதம் ஒரு முறை தனியாகக் குறைதீர்க்கும் கூட்டம் உண்டு. சின்ன வெங்காயத்தில் திருகல் நோய் வந்தால், மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தால், கிணற்றுக்கு மின் இணைப்புத் தாமதமானால் அங்கே போங்கள். வேளாண்மை, கூட்டுறவு, மின்வாரியம் எல்லாத் துறையும் வருவார்கள். பெண்கள் அந்தக் கூட்டத்துக்குப் போவது குறைவு. வயலில் பாதி வேலை நம்முடையது, போய் உட்காரலாம்.

அடுத்து ஊராட்சி. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தம்தான். எங்கள் மாவட்டத்தில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். அந்தப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் கையில் கொடுத்தார்கள். தனி அலுவலர் என்றால் ஒன்றிய ஆபீஸ் அதிகாரி. ஒருவர் கையில் பல ஊராட்சி. குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் முன்பு தலைவர் வீட்டு வாசலில் போய்க் கத்துவோம். அவர் கேட்பாரோ மாட்டாரோ, வீடு பக்கத்தில் இருந்தது. நெருக்கம்தான் இந்த மாவட்டத்தின் சொத்து, அந்த நெருக்கத்தின் கடைசிப் படி ஊராட்சித் தலைவர். அந்தப் படியை எடுத்துவிட்டால் கிராமத்துப் பெண் நேராக ஒன்றிய ஆபீசுக்கு ஏற வேண்டியிருக்கிறது. கிராம சபை நாட்களையாவது விடாதீர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு. தீர்மான நோட்டில் நீங்கள் சொன்னதை எழுதியிருக்கிறார்களா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சட்டமன்றம், நாடாளுமன்றம் என்று வந்தால் தலைக்கணக்கு நம்மைக் கொஞ்சம் சிதறடித்துவிட்டது. மாவட்டத்துக்குப் பெரம்பலூர், குன்னம் என்று இரண்டே சட்டமன்றத் தொகுதி. பெரம்பலூர் நாடாளுமன்றத் தொகுதி என்று பெயர் இருந்தாலும் அதில் நம் மாவட்டத்தின் ஒரு சட்டமன்றத் தொகுதிதான் வருகிறது. மற்றவை குளித்தலை, லால்குடி, மண்ணச்சநல்லூர், முசிறி, துறையூர். குன்னம் போய்ச் சிதம்பரம் தொகுதியில் சேர்ந்திருக்கிறது. ஒரே மாவட்டத்துக்காரர்கள் இரண்டு எம்.பி.க்களிடம் போக வேண்டும். பெரம்பலூர் நகரத்துக்கு இன்னும் ரயில் கிடையாது, அரியலூருக்குத்தான் போகிறோம். இரண்டுக்கும் நேரடியாக முடிச்சுப் போட எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் நம் மாவட்டம் முழுக்க ஒரே தொகுதிக்குள் இருந்திருந்தால் அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் பலமாகக் கேட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1-ம் தேதியை வரையறை நாளாக அறிவித்திருக்கிறார்கள். இந்த முறை கணக்கெடுப்பாளர் கையில் செல்போன் செயலி, சாதி விவரமும் கேட்பார்கள். நாமே இணையத்தில் நிரப்பவும் வசதி உண்டு. வெளிநாட்டிலும் திருப்பூரிலும் ஆட்கள் இருக்கிற வீடுகளில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்று குழப்பம் வரும். ஒருவர் வழக்கமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கேதான் அவருக்குக் கணக்கு. ரேஷன் அட்டையில் பெயர் இருப்பது வேறு. கணக்கெடுப்பாளர் பெரும்பாலும் நம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற வாத்தியாராகவோ டீச்சராகவோ இருப்பார். வெயிலில் வீடு வீடாக வருவார். உட்காரச் சொல்லி, அவசரப்படுத்தாமல் பதில் சொல்லுங்கள். முக்கியமாக வயலில் வேலை செய்கிற பெண்களை ‘வீட்டில் சும்மா இருக்கிறாள்’ என்று எழுத விடாதீர்கள். களை எடுப்பதும் வெங்காயம் காய்ந்த பிறகு தாள் அறுப்பதும் வேலைதான். கைக்குழந்தை, படுத்த படுக்கையாக இருக்கிற பெரியவர்கள் பெயரும் விடுபடக்கூடாது. 2011-ல் எடுத்த எண்ணை வைத்துத்தான் இத்தனை வருடம் நம் மாவட்டத்துக்கு எல்லாமே அளந்தார்கள். அடுத்த எண்ணும் அப்படியே நெடுநாள் ஓடும்.

அதற்கு முன்னால் ஜமாபந்தி வரும். போகிறவர்கள் ஆதார் நகல், ரேஷன் அட்டை நகல், கடைசியாகக் கட்டிய தீர்வை ரசீது, பத்திர நகல், இணையத்தில் எடுத்த பட்டா ஆகியவற்றைக் கொண்டு போங்கள். மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பிர்காவுக்கு எந்த நாள் என்று தாலுகா ஆபீஸ் பலகையில் ஒட்டுவார்கள். வி.ஏ.ஓ.வின் உதவியாளரான தலையாரியிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார். காலை பத்து மணிக்குள் போய்விட்டால் மதியத்துக்குள் கூப்பிட்டுவிடுவார்கள்.